ஓசி டிடிஎன்எஸ்: எது எடுக்கலாம், எவன் காசு புடுங்குறான்?

கேள்வி: வீட்டு ஃபைபர் லைன்ல ஐபி அட்ரஸ் மாறிக்கிட்டே இருக்கு. வெளியூர்ல இருந்து வீட்டு ஹார்டு டிஸ்க்ல இருக்கிற ஃபைல எடுக்கணும். காசில்லாத டைனமிக் டிஎன்எஸ்ல எது நல்லது? (தாம்பரம்)

பதில்: டைனமிக் டிஎன்எஸ், சுருக்கமா டிடிஎன்எஸ்ங்கறது, மாறிக்கிட்டே இருக்கிற ஐபிக்கு (நெட்ல உங்க லைனோட நம்பர் விலாசம்) மாறாத ஒரு பேரு வச்சுக் குடுக்குற சர்வீஸ். எது நல்லதுங்கறது அப்புறம், முதல்ல அது உங்க லைன்ல ஓடுமான்னு பாருங்க. ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல வான் ஐபின்னு (WAN IP, ரவுட்டரோட வெளிப்பக்க ஐபி) ஒண்ணு காட்டும், அதை எழுதி வச்சுக்கிட்டு அதே வைஃபைல 'என் ஐபி என்ன'ன்னு காட்டுற சைட் ஏதாவது ஒண்ணைத் திறங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா ராஜா நீங்க. வேற வேறயா இருந்து, ரவுட்டர்ல இருக்கிறது 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா கம்பெனி உங்களை சிஜிநேட்ல போட்டிருக்கான், அதாவது ஒரே வெளி ஐபிய பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்கான். அப்போ எந்த டிடிஎன்எஸ் வச்சாலும் பேரு கம்பெனி வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும், உங்க வீட்டுக் கதவு திறக்காது. 192.168-ன்னு ஆரம்பிச்சா கம்பெனி குடுத்த பொட்டிக்குப் பின்னாடி உங்க ரவுட்டர் உட்கார்ந்திருக்கு, அந்தப் பொட்டிய பிரிட்ஜ் மோடுல, அதாவது வெளி ஐபிய நேரா உங்க ரவுட்டருக்கே விடுற மாதிரி, போடச் சொல்லிட்டு மறுபடி பாருங்க.

லைன் சரியா இருந்தா டக் டிஎன்எஸ் எடுங்க. அஞ்சு பேரு வரைக்கும் ஓசி, நன்கொடைல ஓடுது, மாசாமாசம் கிளிக் பண்ணுற தொல்லை இல்ல. தனியா பாஸ்வேர்டு கிடையாது, கூகுள் அக்கவுண்ட்லயே உள்ள போகலாம். அதுல ஒரு டோக்கன், அதாவது சாவி மாதிரி ஒரு ரகசிய எழுத்து வரிசை, தருவாங்க, அது யார் கைக்குப் போனாலும் உங்க பேரை அவன் ஐபிக்குத் திருப்பிடலாம், அதனால ஹெல்ப் கேக்குறேன்னு ஸ்கிரீன்ஷாட்ல அதையும் சேர்த்து குரூப்ல போட்டுடாதீங்க. டைனுன்னு (Dynu) இன்னொரு சர்வீஸும் பரவாயில்ல. கொஞ்சம் படிச்சுப் பண்ணுற ஆளா இருந்தா பெர்லின்ல இருந்து நடத்துற டிசெக் இருக்கு, உங்க பேருக்கு வர்ற பதிலை நடுவுல யாரும் மாத்திட முடியாதபடி டிஎன்எஸ்செக் பாதுகாப்போட சும்மாவே தர்றாங்க.

கேள்வி: நோ-ஐபிங்கற ஓசி டிடிஎன்எஸ்ல பேரு வச்சிருந்தேன், திடீர்னு காணோம். ஏமாத்திட்டாங்களா? (ஓசூர்)

பதில்: இல்ல. ஓசி அக்கவுண்ட்னா 30 நாளைக்கு ஒருக்கா கன்ஃபர்ம் பண்ணணும்னு மெயில் வரும். அதைத் திறந்து பாத்திருக்கணும்.

கேள்வி: மளிகைக்கடை வச்சிருக்கேன். கேமரா மாட்டுனவர் வருஷா வருஷம் 'டிடிஎன்எஸ் சார்ஜ்'னு 1,500 ரூபா வாங்குனார். இப்போ போன்ல கேமரா வரல, அவரும் எடுக்க மாட்டேங்குறார். (விருதுநகர்)

பதில்: ஐயா, உங்க மேல தப்பே இல்ல. பெரும்பாலும் அது ஓசி அக்கவுண்டாத்தான் இருக்கும், அவர் மெயில் ஐடில ஆரம்பிச்சிருப்பாரு, கன்ஃபர்ம் மெயில் அவருக்குப் போயிருக்கும், கண்டுக்காம விட்டிருப்பாரு. சும்மா கிடைக்கிறதுக்கு 1,500 ரூபா வாங்கிட்டு, ஒரு கிளிக் பண்ண நேரமில்ல அந்த மனுஷனுக்கு!

இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல். காசு போனது கூடப் போகட்டும், இவங்கள்ல பல பேரு ரவுட்டர்ல போர்ட்டை, அதாவது வெளியில இருந்து உள்ள வர்ற வழியை, திறந்து விட்டுட்டு, கேமராப் படத்தைப் பதியுற டிவிஆர்ல பொட்டியோட வந்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுட்டுப் போயிடுறாங்க, கேட்டா 'மறந்துட்டா கஷ்டம் சார்'ங்கறாங்க. 2016 அக்டோபர் 21-ஆம் தேதி என்ன ஆச்சு தெரியுமா, மிராய்னு ஒரு வைரஸ் இப்படி பாஸ்வேர்டு மாத்தாத கேமரா, டிவிஆர், ரவுட்டரா பாத்துப் புடிச்சு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல டைன்ங்கற (Dyn, மேல சொன்ன டைனு வேற) அமெரிக்கக் கம்பெனி மேல ஏவி விட்டுச்சு, பெரிய சைட்டுகளோட பேரை ஐபியா மாத்திக் குடுத்தது அந்தக் கம்பெனிதான், அதனால ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல பேருக்கு மணிக்கணக்கா வரல. அந்த டைன் யாருங்கறீங்க, வீட்டு லைனுக்கு ஓசில டைனமிக் டிஎன்எஸ் குடுத்துப் பேரு வாங்குன அதே கம்பெனிதான்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது: டிவிஆர் அட்மின் பாஸ்வேர்டு உங்க கைக்கு வரணும். அவர் தரலைன்னா பில்லைக் காட்டி டிவிஆர் கம்பெனிகிட்டயே ரீசெட் கேளுங்க. மகனோ மகளோ பக்கத்துல இருந்தா உங்க மெயில்ல புது அக்கவுண்ட் ஆரம்பிச்சு, டிவிஆர் நெட்வொர்க் மெனுல பழைய பேரைத் தூக்கிட்டுப் புதுசைப் போடச் சொல்லுங்க, பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. குடுத்த காசுக்கு ரசீது இருந்தா 1915-க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் குடுங்க. கூச்சப்படாதீங்க.

கேள்வி: 'லைஃப்டைம் ஃப்ரீ'ன்னு போட்டிருக்கிற சர்வீஸை நம்பலாமா? (கோவை)

பதில்: யாரோட லைஃப்டைம்னு கேளுங்க. மேல சொன்ன டைனே 2014 மே மாசம் ஓசிய நிறுத்திட்டான். அதுக்கப்புறம் விவரம் தெரியாம நான் ஒரு பழைய ரவுட்டரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கித் தொலைச்சேன், டிடிஎன்எஸ் மெனுவைத் திறந்தா லிஸ்ட்ல இருந்தது அந்த ஒரே பேருதான். இப்போ அது பரண்ல கிடக்கு. ரவுட்டர் வாங்கும்போது அந்த லிஸ்ட்ல 'கஸ்டம்'னு ஒரு ஆப்ஷன் இருக்கான்னு பாத்து வாங்குங்க, நாளைக்கு ஒருத்தன் கடையைச் சாத்துனாலும் இன்னொருத்தன்கிட்ட போயிடலாம்.

கேள்வி: கம்பெனிக்காரன் சிஜிநேட்தான், மாத்த முடியாதுங்கறான். காசு குடுத்து ஸ்டேட்டிக் ஐபி (மாறாத சொந்த ஐபி) வாங்கட்டுமா? (சேலம்)

பதில்: உங்க ஒருத்தருக்கு மட்டும்னா வேண்டாம். டெயில்ஸ்கேல் போடுங்க, உங்க போனையும் வீட்டு மெஷினையும் தனி வழில இணைக்கிற ஆப் அது, தனி ஆளுக்கு ஓசி, சிஜிநேட்டைத் தாண்டி ஓடும், போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்ல. அந்த ஆப்பைப் போடாத நாலு பேரும் வந்து பாக்குற சைட் நடத்தப்போறீங்கன்னா ஸ்டேட்டிக் ஐபி கேளுங்க.

கேள்வி: எல்லாம் செட் பண்ணிட்டேன். கரண்ட் போய் வந்தா மட்டும் பேரு பழைய ஐபிக்கே போகுது. எந்த சர்வீஸுக்கு மாறலாம்? (நாகர்கோவில்)

பதில்: எதுக்கும் மாற வேண்டாம். ஐபிய அப்டேட் பண்ணுற புரோகிராம் உங்க லேப்டாப்ல இருக்கு, லேப்டாப் மூடிக் கிடக்கு. அதை ரவுட்டர்ல போடுங்க.