வாசகர் கேள்வி பதில்: உளியும் சாணைக்கல்லும்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறேன். கதவுக் கீல்களை நானே மாற்றவும், சிறிய மர அலமாரி ஒன்றைச் செய்யவும் விரும்புகிறேன். ஆறு உளிகள் கொண்ட தொகுப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? சமையல் கத்தி தீட்டும் கருவியிலேயே அவற்றைத் தீட்ட முடியுமா?

பதில்: ஆறு உளிகள் தேவையில்லை. நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு 12 மி.மீ., 25 மி.மீ. அகலமுள்ள இரண்டு நல்ல உளிகள் போதும். மிச்சப் பணத்தைச் சாணைக்கல்லில் போடுங்கள். மூலைகளுக்குள் எளிதில் நுழைவதற்காகப் பக்கவாட்டு விளிம்புகள் சரிவாகச் சீவப்பட்ட வகை உண்டு. அதையே கேட்டு வாங்குங்கள். ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடைகளில் உளியைக் கையில் எடுத்துப் பார்க்க முடியும். அதன் சாய்வில்லாத தட்டைப் பக்கத்தில் எஃகு அளவுகோலை நீளவாக்கில் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். நடுவில் மெல்லிய குழிவு தெரிந்தால் கவலையில்லை, கல்லில் சரியாகிவிடும்; நடு புடைத்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதைச் சமன்செய்வது பெரும்பாடு. எஃகைப் பொறுத்தவரை, தொடக்க வேலைக்குக் குரோம் வனேடியம் கலந்த எஃகு தாராளமாகப் போதும்.

கத்திக் கருவி உதவாது. அது இரு பக்கமும் தேய்க்கும். உளிக்கோ ஒரு பக்கம் மட்டுமே சாய்வு இருக்க வேண்டும். புதிய உளி பெரும்பாலும் 25 பாகைச் சாய்வில், ஆலைச் சக்கரம் விட்ட கீறல்களுடன்தான் வரும். பலரும் சாய்வை மட்டும் தீட்டிவிட்டு, உளி ஏன் வெட்டவில்லை என்று வருந்துகிறார்கள். சாய்வும் தட்டைப் பக்கமும் சந்திக்கும் கோடுதான் கூர் என்பதால், தட்டைப் பக்கத்தில் கீறல் எஞ்சியிருக்கும்வரை அந்தக் கோடு ரம்பப் பல்லைப் போலத்தான் இருக்கும். எனவே முதலில் 1000 எண் நீர்க்கல்லில் (நீர் விட்டுத் தேய்க்கும் சாணைக்கல்; எண் கூடக்கூடக் கல் நுண்ணியது) தட்டைப் பக்கத்தின் நுனியை 20 முதல் 30 மி.மீ. வரை படியவைத்து, ஒரே சீரான மெருகு வரும்வரை தேயுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் ஓர் உளிக்கு ஒரே முறை செய்தால் போதும்.

பிறகு கோணம் பிடிக்கும் சிறு வண்டியில் உளியைப் பூட்டி, 30 பாகையில் சாய்வின் நுனியை மட்டும் தேயுங்கள். சில இழுப்புகளுக்கு ஒருமுறை தட்டைப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல வெளிப்புறமாகத் தடவிப் பாருங்கள்: மயிரிழை போன்ற பிசிர் விளிம்பு முழுவதும் தட்டுப்பட வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும் தட்டுப்பட்டால், மறு ஓரம் இன்னும் கூராகவில்லை என்று பொருள். முழுதும் வந்தபின் 6000 எண் கல்லுக்கு மாறுங்கள். கடைசியாகத் தட்டைப் பக்கத்தைக் கல்லோடு படியவைத்து இழுத்தால் பிசிர் உதிரும். பைன் மரத் துண்டின் வெட்டுமுகத்தில் (இழைகளுக்குக் குறுக்கே அறுத்த முனையில்) சீவும்போது இழைகள் நொறுங்காமல் பளபளப்பான தடம் விழுந்தால், உளி தயார்.

மின்சாணைச் சக்கரத்தைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. நுனி சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும், கூர் நிற்காது. நம் வீடுகளில் மிகுந்திருக்கும் மரத்தூள் பலகையில் நல்ல உளியை வைக்காதீர்கள். அதிலுள்ள பசையும் மணல்துகளும் உளியின் கூர்மையை விரைவில் மழுக்கும். வெட்டும்போது மரத்தைப் பிடிப்பானில் இறுக்கி, இரு கைகளையும் கூர்முனைக்குப் பின்னால் வைத்திருங்கள்.

கேள்வி: தீட்டி வைத்த உளிகளில் துருப் புள்ளிகள் தோன்றுகின்றன. சமையல் எண்ணெய் தடவலாமா?

பதில்: வேண்டாம், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை நாளடைவில் பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், நீர்க்கல்லிலிருந்து எடுத்த உளியை அன்றே, அப்போதே உலரத் துடைப்பது அதைவிட முக்கியம். தோலுறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்: தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் துருவைத் தூண்டும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், குளியலறைக்கும் துணி காயும் இடத்துக்கும் தள்ளி வையுங்கள்.