2,000 ஆர்பிஎம்மில் கியர் மாற்றிவிடலாமா?

கேள்வி: அவிநாசியில் இருந்து பீளமேட்டுக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். ஏழு வருடம் ஐ20 டீசல் ஓட்டிவிட்டு, போன தையில் ஐ20 என் லைன் எடுத்தேன். டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். ஆனால் கருமத்தம்பட்டி தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்யலாம் என்று மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடப்பதில்லை, அப்புறம் திடீரென்று பாய்கிறது. வால்பாறை ஏறும்போதும் இதே கதைதான். மீட்டரில் கியர் மாற்றச் சொல்லி வரும் அம்புக்குறியைப் பார்த்து 2,000க்குள் கியர் மாற்றிவிடுகிறேன். "ரெண்டாயிரத்துக்கு மேல ரேஸ் பண்ணுனா இன்ஜின் சீக்கிரம் போயிருமுங்க" என்கிறார் மச்சான். எந்த ஆர்பிஎம்மில் மாற்றுவது சரி?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வண்டியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஏழு வருட டீசல் பழக்கம் உங்கள் காலில் இருக்கிறது, அவ்வளவுதான். பழைய ஐ20 டீசலில் 1.4 லிட்டர் இன்ஜின், 1,500 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும்போது) இருந்தே சுமார் 220 என்எம் டார்க், அதாவது சுழற்றும் விசை. அதை 1,800ல் மாற்றி மாற்றி ஓட்டினாலும் முனகாமல் இழுத்திருக்கும். இப்போது உங்களிடம் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர். 120 பிஎஸ் பவர் 6,000 ஆர்பிஎம்மில் வருகிறது. 172 என்எம் டார்க் 1,500ல் இருந்து 4,000 வரை என்று கம்பெனி சொல்கிறது.

அந்த 1,500 என்ற எண்தான் பலரையும் குழப்புகிறது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, இன்ஜின் புகையால் சுழன்று காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும் டர்போ நன்றாகச் சுழலும் நிலையில் அளந்த கணக்கு அது. நீங்கள் லாரிக்குப் பின்னால் நாலாவது கியரில் 1,500ல் லேசாக மிதித்துப் போகும்போது டர்போவுக்குப் போகும் புகை கொஞ்சம்தான், அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் காலடியில் இருப்பது சாதாரண ஒரு லிட்டர் இன்ஜினின் இழுவை மட்டுமே. மிதித்த பிறகு புகை கூட வேண்டும், டர்போ வேகம் எடுக்க வேண்டும், காற்று அழுத்தம் ஏற வேண்டும். கிணற்று மோட்டார் சுவிட்சைப் போட்டதும் கடைசி வயலில் தண்ணீர் நிற்காது இல்லையா, அந்த மாதிரி. ஆர்பிஎம் குறைவாக இருந்தால் காத்திருக்கும் நேரம் நீளும். 2,500க்கு மேல் இருந்தால் காத்திருப்பதே பெரும்பாலும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. டார்க் ஒரே அளவாக இருந்தாலும் பவர் ஒரே அளவாக இருக்காது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும். 172 என்எம் 1,500ல் வந்தால் 37 பிஎஸ்கூட முழுதாக இல்லை. அதே 172 என்எம் 3,000ல் 73 பிஎஸ். லாரியைத் தாண்டும்போது உங்களுக்குத் தேவை இந்த இரண்டாவது எண்.

சரி, எப்போது மாற்றுவது? நான் யாருக்கும் ஒற்றை எண் சொல்வதில்லை. கியர் மாற்றியதும் அடுத்த கியரில் ஆர்பிஎம் முள் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் இன்ஜினுக்கு மூச்சு இருந்தால் நீங்கள் மாற்றிய நேரம் சரி.

இதை உங்கள் வண்டியில் நீங்களே அளந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, காலியான சமதளச் சாலை, பக்கத்து சீட்டில் பேனாவும் நோட்டுமாக ஒருவர் (மச்சானையே கூட்டிப் போங்கள்). சரியாக 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியரில் முள் எங்கே, மூன்றாவதில் எங்கே, நாலாவதில் எங்கே என்று அவர் குறித்துக்கொள்ளட்டும். இந்த ரகச் சின்ன டர்போ கார்களில் ஏறக்குறைய 3,000, 2,000, 1,500 என்று வரும். உங்கள் வண்டியில் நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கலாம்.

இந்த மூன்று எண்களில் பாதி விடை வந்துவிடும். இரண்டில் இருந்து மூன்றுக்குப் போனால் ஆர்பிஎம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது, மூன்றில் இருந்து நாலுக்குப் போனால் நாலில் மூன்று பங்காக. ஒன்றில் இருந்து இரண்டுக்கு வந்தால் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஆகவே எல்லா கியருக்கும் 2,000 என்று வைத்தால் முதல் கியரில் இருந்து மாற்றும்போது முள் 1,100 பக்கம் விழும். ஹோப்ஸ் சிக்னலில் பச்சை விழுந்து, நீங்கள் இரண்டாவது போட்டதும் பின்னால் இருக்கிற பஸ் ஹாரன் அடிப்பது இதனால்தான். முதல் கியரை 2,800, 3,000 வரை விடுங்கள். இரண்டாவதை 2,600 வரை, மூன்றாவதை 2,400 வரை. மேலே போகப் போக 2,200 போதும். இப்படி மாற்றினால் ஒவ்வொரு முறையும் முள் 1,500க்கு மேலே, பெரும்பாலும் 1,700, 1,800ல் விழும். இது நகர ஓட்டத்துக்கு, கால் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஓட்டும்போது.

அம்புக்குறியைக் குறை சொல்ல மாட்டேன். அது மைலேஜுக்காக வைத்தது, அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. கோல்ட்வின்ஸில் மேம்பாலம் ஏறிவிட்டால் உப்பிலிபாளையம் வரை 10 கிலோமீட்டருக்குச் சிக்னல் கிடையாது. நீங்கள் பீளமேட்டில் இறங்க வேண்டியவர், ஆனாலும் ஒருநாள் அதில் போய்ப் பாருங்கள். ஒரே சீராக ஓடும்போது அம்பு சொல்கிற கியரில் 1,700ல் போவதுதான் பெட்ரோலுக்கு நல்லது. இழுவை கேட்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அம்பை மறந்துவிடுங்கள். சீராகப் போக ஒரு கியர், முந்திப் போக ஒரு கியர் என்று மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.

ஓவர்டேக்குக்கு வருவோம். கருமத்தம்பட்டி பக்கம் லாரிக்குப் பின்னால் 60ல், ஐந்தாவது கியரில் போகிறீர்கள். வழி கிடைத்த பிறகு மிதிக்காதீர்கள். வழி கிடைக்கும் என்று தெரியும்போதே மூன்றாவதுக்கு இறக்கிவிடுங்கள், 60ல் அது 3,000. இறக்கும்போது கிளட்ச் உள்ளே இருக்கிற அந்த அரை நொடியில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி முள்ளை 3,000 பக்கம் கொண்டுவந்து, பிறகு கிளட்சை விட வேண்டும். சரியாக வந்தால் கியர் மாறியதே தெரியாது. தட்டாமல் விட்டால் தலை முன்னால் ஆடும், கிளட்சும் தேயும். முதல் வாரம் கை கால் ஒத்துவராது. பிறகு உங்கள் கால் தானாகவே செய்யும். மூன்றாவதில் மிதித்ததும் டர்போ உடனே எழும், 90 தொடுவதற்குள் லாரி பின்னால் போய்விடும்.

ஆடி மாதம் உங்கள் ரூட்டுக்கு இன்னொரு கணக்கு. பாலக்காட்டுக் கணவாயில் இருந்து வருகிற மேல்காற்று காலையில் கோவைப் பக்கம் போகும்போது உங்கள் நெற்றியில் அடிக்கும், மாலையில் முதுகைத் தள்ளும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எதிர்காற்று 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80ல் போகிற வண்டிக்கு 110ல் போகிற காற்றுத் தடை, ஏறக்குறைய இரட்டிப்பு. வைகாசியில் ஆறாவது கியரில் சுகமாகப் போன அதே நீலாம்பூர் சாலையில் ஆடியில் வண்டி முக்கினால் ஐந்தாவதுக்கு வாருங்கள். திரும்பி வரும்போது ஆறாவது தாராளம். பல்லடம், உடுமலை பக்கம் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தக் காற்றாலைகளைச் சும்மா அங்கே நிறுத்தவில்லை.

வால்பாறை விஷயம். ஆழியாறில் இருந்து நாற்பது வளைவு. உங்கள் பிரச்சினை வளைவுக்கு முன்னாலேயே தொடங்குகிறது. மூன்றாவதிலேயே உள்ளே போய், வளைவின் நடுவில் வேகம் 20க்கு வந்தால் முள் 1,000. அங்கே முழுதாக மிதித்தால் முதலில் ஒன்றும் வராது, பிறகு மொத்தமும் வரும். அது வரும்போது ஸ்டியரிங் இன்னும் திரும்பியபடி இருக்கும். முன் சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் மூக்கு வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். எதிரே பஸ் இறங்குகிற சாலையில் அது வேண்டவே வேண்டாம். வளைவுக்கு முன் நேரான இடத்தில் பிரேக் அடித்து, அங்கேயே இரண்டாவதுக்கு இறக்கி, கிளட்சை முழுதாக விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். திரும்பும்போது கால் ஆக்சிலேட்டரில் லேசாக இருக்கட்டும். மிகக் குறுகிய வளைவில் இரண்டாவதும் 1,500க்குக் கீழே போனால், வண்டி ஊர்கிற வேகத்துக்கு வந்த பிறகு முதல் கியர் போடுவதில் தப்பே இல்லை. வளைவு தாண்டியதும் இரண்டாவதை 4,000 வரை விடுங்கள், மேட்டில் சீக்கிரம் மாற்றினால் மூன்றாவதில் மறுபடி முக்கும். இறங்கும்போதும் இதே இரண்டாவதுதான், பிரேக் சூடாகாமல் இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.

டர்போ வைத்திருப்பவருக்கு மலையில் ஒரு லாபமும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. டர்போ இல்லாத வண்டி அந்த அளவுக்கு இழுவையை இழக்கும். உங்கள் டர்போ அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

மச்சான் பயப்படுவது போல 2,000க்கு மேல் போனால் இன்ஜின் போய்விடாது. சூடான இன்ஜின் 5,000, 6,000 போகவே செய்யப்பட்டது. உண்மையில் நான் பயப்படுவது மறுபக்கம்தான். 1,300ல் பெரிய கியரில் முழுதாக மிதிப்பது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் இந்த டர்போ இன்ஜின்களுக்குக் கெடுதல். ஸ்பார்க் வருவதற்கு முன்பே சிலிண்டருக்குள் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து அந்த இடத்தில்தான் அதிகம். அளவு மீறினால் பிஸ்டனையே உடைக்கும். கியர் நாப் கையில் அதிர்கிறது, டேஷ்போர்டு உறுமுகிறது, தகர டப்பாவில் சரளைக்கல்லைக் குலுக்குவது போல ஒரு சத்தம் வருகிறது என்றால் உடனே காலை எடுத்துவிட்டு கியரை இறக்குங்கள். ஆயில் மாற்றும்போது கையேட்டில் போட்டிருக்கும் கிரேடில், டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 2020ல் வந்த அந்தத் தரத்தில் இந்த முன்கூட்டிப் பற்றுவதைத் தடுப்பதற்கான சோதனையும் உண்டு.

என்றாவது செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்க வாய்ப்பு வந்தால் அங்கே கணக்கு வேறு. டார்க் 4,000ல் குறையத் தொடங்குகிறதே, அங்கேயே மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றாதீர்கள். 6,000ல் 120 பிஎஸ் என்றால் அங்கே டார்க் 140 என்எம். இரண்டாவதில் 6,000ல் மூன்றாவது போட்டால் முள் 4,000ல் விழும். அங்கே 172 இருந்தாலும் மூன்றாவதின் பல் விகிதம் சிறியது என்பதால் இரண்டாவதோடு ஒப்பிட்டால் சக்கரத்தில் அதன் மதிப்பு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 115தான். ஆக 6,000 வரையிலும் இரண்டாவதுதான் பலமாக இழுக்கிறது. சாலையில் இது தேவைப்படாது.

மச்சான் சொல்வதில் ஒரு இடம் மட்டும் சரி. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில கிலோமீட்டர். சூட்டுமுள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை 2,500க்கு மேல் போகாதீர்கள். வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் எல்லோரும் நிறுத்துவார்கள். நீங்கள் நிறுத்தியதும் இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். மலை ஏறிய சூட்டில் இருக்கிற டர்போவுக்குள் ஆயில் ஓடி அதைக் கொஞ்சம் ஆற்றட்டும்.