ஆறாம் மாதத்தில் வெளிநாட்டுப் பயணம்: எந்த வாரம், எந்த ஊர்?

கேள்வி: எனக்கு இப்போது 19-ஆவது வாரம். முதல் குழந்தை. பிரசவத்துக்கு முன்பு நானும் கணவரும் வெளிநாட்டு நகரம் ஒன்றை ஒரு வாரம் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறோம். விமானத்தில் ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டு நகரங்களை மனத்தில் வைத்திருக்கிறோம். எதையும் இன்னும் முன்பதிவு செய்யவில்லை. போகலாமா? எப்போது போவது நல்லது?

பதில்: உங்களைப் பார்க்கும் மருத்துவர் தடை சொல்லாதவரை தாராளமாகப் போய்வாருங்கள். குழந்தை வந்த பிறகு இருவர் மட்டும் ஊர் சுற்றும் நாள் எப்போது வாய்க்குமோ, தெரியாது. இந்த ஆசையை வீண் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முன்பதிவுக்கு முன்பே கேட்டது மிக நல்லது. டிக்கெட் எடுத்தபின் வருகிறவர்களிடம் தேதியை மாற்றச் சொல்வது எங்களுக்கும் சங்கடமாக இருக்கிறது.

முதலில் வாரத்தை முடிவு செய்யுங்கள். 14 முதல் 28 வாரம் வரை பயணத்துக்கு ஏற்ற காலம் என்பது பொது விதி. வாந்தி அடங்கியிருக்கும், வயிறு நடையைத் தடுக்காது. ஆனால் உங்களுக்கு நான் இன்னும் சுருக்கிச் சொல்வேன்: 22-ஆவது வாரத்துக்குப் பின் கிளம்பி, 26 முடிவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேன் குழந்தையின் உறுப்புகளை மட்டும் காட்டுவதில்லை. நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதையும் காட்டுகிறது. அது கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால், வலியே இல்லாமல் திடீரென்று இரத்தப்போக்கு ஏற்படலாம். அப்படி ஒரு ஸ்கேன் அறிக்கையுடன் வருபவரை நான் வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டேன். ஆகவே அந்த அறிக்கை கைக்கு வரும்வரை பணம் கட்டாதீர்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை வேறு இருக்கிறது. பயணத்தைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

விமான நிறுவனங்களின் கணக்கு வேறு. ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் வரை, இரட்டை என்றால் 32 வாரம் வரை என்பது பரவலான வழக்கம். 28-ஆவது வாரத்திலிருந்து பல நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கின்றன. திரும்பும் நாளில் எத்தனையாவது வாரம் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பலர் போகும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, விமானத்தில் ஏற அனுமதி கிடைத்தாலே பயணம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. நடுவானில் பிரசவம் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர்களின் முதல் கவலை.

அடுத்து ஊர். இரண்டு நகரங்களில் எது அழகு என்று பார்ப்பதற்கு முன், எதில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 24 வாரத்தில் பிறக்கும் குழந்தையும் பிழைக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் அந்தப் பிரிவிலேயே இருக்க வேண்டிவரும். இதனால்தான் பயணக் காப்பீட்டை வரிவரியாகப் படிக்கச் சொல்கிறேன். ‘கர்ப்பகாலச் சிக்கல்களுக்குக் காப்பீடு உண்டு’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடாதீர்கள். எத்தனையாவது வாரம் வரை? குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் சிகிச்சைச் செலவும் சேருமா? தாய்க்கு மட்டும் பணம் தந்து, குழந்தையை விட்டுவிடும் திட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் அங்கே தங்க நேர்ந்தால் கணவரின் தங்கும் செலவை யார் தருவார்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிகா வைரஸ் பரவும் நாடு உங்கள் பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள். கொசு மூலம் பரவும் இந்த நோய் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தாம்பத்திய உறவு மூலமும் பரவும். வேலை நிமித்தம் கணவர் மட்டும் அங்கே போய்வந்தாலும், பிரசவம் வரை ஆணுறை கட்டாயம். மலேரியா உள்ள இடங்களும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அது கடுமையாக வரும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்க்கிறோம். அதைக் கேட்கும் நாட்டுக்கு இப்போது போகவேண்டிய அவசியம் என்ன?

ஒன்பது மணி நேரப் பயணத்தில் என் கவலையெல்லாம் கால்களைப் பற்றித்தான். கர்ப்பத்தில் இரத்தம் உறையும் ஆபத்து நான்கைந்து மடங்கு கூடுகிறது; நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் அது மேலும் ஏறும். நடைபாதை ஓர இருக்கையை வாங்குங்கள். கணுக்காலில் இறுகி மேலே போகப்போகத் தளரும் அழுத்தக் காலுறையை, அளவெடுத்து வாங்கி, காலையில் கால் வீங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சீட் பெல்ட் வயிற்றின் மேல் ஏறக் கூடாது; வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். திரும்பி வந்த பிறகும் சில வாரங்களுக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் இருக்கும். ஆரோக்கியமான தாயின் குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை. கடுமையான இரத்தசோகை இருந்தால் கதை வேறு. கிளம்பும் முன் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். விமான நிலையச் சோதனை வாயில்களைப் பற்றிப் பயம் வேண்டாம்.

ஊரில் காலையில் ஓர் இடம், மதியம் ஓய்வு, மாலையில் மனம் இருந்தால் இன்னொன்று. பட்டியல் போட்டு ஓடாதீர்கள். நீராவிக் குளியலும் வெந்நீர்த் தொட்டியும் வேண்டாம். காய்ச்சாத அல்லது பாஸ்டரைஸ் செய்யாத பாலும், அதில் செய்த சீஸும், வேகாத மீனும் இறைச்சியும் கூடாது.

ஸ்கேன் அறிக்கை, இரத்த வகை, மருந்துப் பட்டியல் ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் இது இன்னும் முக்கியம்: வழியில் இரத்தக்கசிவு ஏற்பட்டால் குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்புப் பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். இரத்தக்கசிவு, நீர் கசிதல், விட்டுவிட்டு வரும் வலி, கடும் தலைவலியோடு பார்வை மங்குதல், குழந்தையின் பழகிய அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடுதி அறையில் காத்திருக்கக் கூடாது. அந்த நாட்டு அவசர உதவி எண்ணையும் மருத்துவமனை முகவரியையும் கணவர் கிளம்பும் முன்பே தன் கைப்பேசியில் பதிந்துகொள்ளட்டும். டிக்கெட்டும் அறையும் ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை உங்கள் மருத்துவரைப் பார்த்து, இரத்த அழுத்தம் சரியாக இருந்தால் புறப்படுங்கள்.