மலையகத்தில் வளர்ந்தவர்கள் பாலைவன ஆற்றில் பல நாள் துடுப்புப் பயணம் போக முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரீன் ஆற்றில் கனூ படகு வலித்து, இரவில் கரையில் கூடாரம் அடித்துப் பல நாள் போகும் பயணத்துக்கு உறவினர் அழைத்திருக்கிறார், ஹட்டனில் வளர்ந்த உங்களால் முடியுமா என்பது ஒன்று. புறப்படுவதற்கு முன் நம் ஊர் ஆறுகளிலேயே பழகிக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு, தாராளமாக முடியும் என்பது என் பதில். இரண்டாவதற்குப் பாதிதான் முடியும் என்பேன்.

நான் மஸ்கெலியாவில் பிறந்தவன். கித்துல்கலையில், களனி கங்கையின் பாய்ச்சல்களில் இறங்கும் ராப்டிங் படகுகளில் சில வருடங்கள் வழிகாட்டியாக வேலை செய்தேன். சோல்ட் லேக் சிட்டியில் இருக்கும் என் மச்சானின் குடும்பத்தோடு நீங்கள் சொல்லும் அதே ஆற்றில் இறங்கி, அது கொலராடோ ஆற்றோடு கூடும் இடம்வரை போயிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஆற்றில் படகு என்றதும் நம் ஆட்களுக்குக் களனி கங்கையின் நுரையும் பாறையும்தான் நினைவுக்கு வரும். கிரீன் ஆற்றின் இந்தப் பகுதி அப்படிப்பட்டதல்ல. கிரீன் ரிவர் என்ற சிறிய ஊரிலிருந்து மினரல் பொட்டம் என்ற இடம்வரை கிட்டத்தட்ட 110 கிலோமீற்றர். வழியில் வருவது லாபிரிந்த் கெனியன்; கெனியன் என்றால் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு. அங்கிருந்து கொலராடோவைச் சேரும்வரை இன்னும் 84 கிலோமீற்றர் அளவுக்கு ஸ்டில்வோட்டர் கெனியன். இரண்டிலும் அச்சப்பட வேண்டிய பாய்ச்சல் எதுவும் கிடையாது. செங்குத்தான சிவப்புச் சுவர்களுக்கு நடுவே ஆறு வளைந்து வளைந்து நிதானமாகப் போகிறது. போநொட் பெண்ட் என்ற வளைவில் அது பத்துக் கிலோமீற்றருக்கு மேல் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கு அரைக் கிலோமீற்றர் அருகிலேயே திரும்பி வந்துவிடுகிறது. நடுவில் தாழ்ந்திருக்கும் முகட்டில் ஏறி நின்றால், விட்டு வந்த ஆறும் போகப்போகும் ஆறும் இரு பக்கமும் தெரியும். வெயில் ஏறுவதற்கு முன் கட்டாயம் ஏறிப் பாருங்கள்.

ஆகவே துடுப்புத் திறமையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பின்னால் இருப்பவர் திசை பிடிக்கவும் முன்னால் இருப்பவர் சீராக வலிக்கவும் ஒரே நாளில் பழகிவிடலாம். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பகுதி தூரத்துக்குக் கரையில் வீதி இல்லை, கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. மறந்துவிட்டு வந்த பொருளை வாங்கக் கடை இல்லை. செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மேலதிகத் துடுப்பும் கொண்டுபோக வேண்டும். இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி அனுமதி பெற வேண்டியிருப்பதால் திகதி முடிவானதும் முதலில் அதைச் செய்யுங்கள்.

இனித் தண்ணீர். நமக்கு இதுதான் பெரிய பாடம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்தப் பாலைவனத்தில் 250 மில்லிமீற்றர்கூடப் பெய்வதில்லை. தாகம் எடுத்தால் பீலியில் கையேந்திக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். குடிக்கும் தண்ணீரை அளந்து வைக்கும் பழக்கம் நமக்குக் கிடையாது. அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் என்று கணக்குப் போட்டு, முழுப் பயணத்துக்கும் படகிலேயே ஏற்றிக்கொள்வதுதான் பத்திரமான வழி. சுற்றிலும் ஆறு ஓடினாலும் அது வண்டல் கலந்த பழுப்பு நீர். நேரடியாக வடிகட்டியில் ஊற்றினால் வடிகட்டி அடைத்துப்போகும். வாளியில் மொண்டு, சிறிது படிகாரம் போட்டு இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிகட்டிக் கொதிக்கவைத்தால் சமையலுக்கு ஆகும். எங்கள் வீட்டில் மழைக்காலக் கலங்கல் நீருக்கு ஆச்சி செய்த வேலையே அதுதான். அதனால் அந்தக் குழுவில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வறண்ட காற்று ஆளை ஏமாற்றும். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் வியர்த்ததே தெரியாது. நுவரெலியாக் குளிரிலும் ஹட்டன் ஈரத்திலும் பழகிய உடம்பு, தாகம் எடுக்கட்டும் குடிக்கலாம் என்று காத்திருக்கும். காத்திருக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை குடியுங்கள். அவ்வப்போது உப்பும் தேசிக்காயும் கலந்து குடியுங்கள். முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் வேண்டும். பகலில் அப்படிக் கொளுத்தும் இடத்தில் இரவில் கம்பளி கேட்கும் குளிர் வரும். அந்தக் குளிர் நமக்குப் பழகியதுதான்.

எந்த மாதம் என்று கேட்டால் செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு என்பேன். மே கடைசியிலும் ஜூனிலும் மலைப்பனி உருகி ஆறு பெருகும். மேலே 1964இல் கட்டி முடித்த பிளேமிங் கோர்ஜ் அணை இருந்தாலும், அதற்குக் கீழே பெரிய அணை எதுவும் இல்லாத யம்பா ஆறு வந்து சேர்வதால் அந்தப் பெருக்கு இன்னும் வருகிறது. அப்போது மணல் திட்டுகள் மூழ்கிவிடும், வடிந்ததும் நுளம்பு மொய்க்கும். ஜூலையில் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது சாதாரணம். செப்டெம்பரில் நீர் வற்றி அகன்ற மணல் திட்டுகள் வெளியே வரும். கூடாரத்துக்கு அவைதான் நல்ல இடம். காற்று வீசும், நுளம்பு குறைவு, கரையோரம் அடர்ந்திருக்கும் தமரிஸ்க் புதருக்குள் நுழைய வேண்டியதும் இல்லை.

கூடாரம் அடிக்கும்போது ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து வறண்ட ஓடைகள் பெரிய ஆற்றில் வந்து சேரும் வாய்கள் சமதரையாக, நிழலாக, ஆசை காட்டும்படி இருக்கும். அங்கே படுக்கக் கூடாது. கோடையின் பிற்பகுதியில் அங்கும் பருவமழை உண்டு. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இடியுடன் கொட்டும் மழையை வெறும் பாறை உறிஞ்சாது. அத்தனை நீரும் சேறாகவும் கல்லாகவும் ஓடைவழி இறங்கும். தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருக்கும். மேல் கொத்மலை அணையின் வான்கதவு திறந்தால் கீழே இருப்பவர்கள் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பது தலவாக்கலைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அங்கே எச்சரிக்க ஆள் இல்லை, சங்கு இல்லை. மாலையில் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, இரவில் எழும்போதெல்லாம் டோர்ச் அடித்துப் பாருங்கள். படகுகளை மேலே இழுத்துப் போட்டு, கயிற்றால் கட்டிய பிறகே சமைக்கத் தொடங்குங்கள்.

அடுத்து, பலர் கேட்கக் கூச்சப்படும் விடயம். மலத்தை அங்கே புதைக்க அனுமதி இல்லை. மூடியுள்ள கழிப்பறைப் பெட்டி ஒன்றைப் படகில் கொண்டுபோய், நிறைந்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நெருப்பு மூட்டுவதென்றால் உலோகத் தட்டில் மட்டும். ஆறிய சாம்பலும் படகில் ஏறும். சோற்றுப் பருக்கையைக்கூட மணலில் விட்டுவிட்டு வரக் கூடாது. சிறுநீரை மட்டும் ஆற்றிலேயே விடச் சொல்கிறார்கள். கேட்க ஒவ்வாததாக இருந்தாலும் காரணம் இருக்கிறது: மழை கழுவாத காய்ந்த மணலில் நாற்றம் மாதக்கணக்கில் தங்கும், பெரிய ஆறு அதைக் கரைத்துவிடும்.

இந்த ஒழுங்கைக் கண்டபோது எனக்குச் சிவனொளிபாதமலைதான் நினைவுக்கு வந்தது. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணியிலிருந்து ஏறும் கூட்டம் விட்டுப்போகும் பொலித்தீனும் போத்தல்களும் நீங்களும் பார்த்தவைதான். அந்த மலையில் பிறக்கும் ஓடைகள் மஸ்கெலி ஓயாவுக்குப் போகின்றன. அது கெஹெல்கமு ஓயாவோடு கூடிக் களனியாகிறது, கொழும்பு அதைக் குடிக்கிறது. ஏற்றிக்கொண்டு போனதை இறக்கிக்கொண்டு வருவது என்ற ஒரே வழக்கத்தை நம் யாத்திரைப் பாதையில் கொண்டுவந்தால் போதும். யூட்டாவில் குழந்தைகள்கூட அதைச் செய்கிறார்கள். நம் பிள்ளைகளாலும் முடியும்.

வழியில் பார்ப்பதற்கு நிறைய உண்டு. லாபிரிந்தின் உயர்ந்த சுவர்களில் ஒரு பகுதி, டைனோசர்கள் வாழ்ந்த காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லானது. காற்று மணலைக் குவித்த சாய்வான வரிகள் பாறையில் இன்னும் தெரியும். நம் மலைகளின் பாறை அதைவிடப் பல மடங்கு பழையது; ஆழத்தில் வெந்து மடிந்து உருமாறியதால் அடுக்கு எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அங்கே அடுக்குகள் அரிந்த தொதல் போல வரிசையாக நிற்கின்றன. கீழே போகப் போக இன்னும் பழைய அடுக்குகள் நீர்மட்டத்துக்கு எழுந்து வருகின்றன. பழங்குடிகள் தானியம் சேமித்த கற்கூடுகள் பாறை விளிம்புகளில் இருக்கின்றன. தள்ளி நின்று பாருங்கள், தொடாதீர்கள். ஹெல் ரோரிங் கெனியனின் வாயருகே டெனி ஜூலியன் என்ற தோல் வணிகர் 1836 மே 3 என்று பாறையில் வெட்டிவைத்த எழுத்தும் ஒரு படகின் உருவமும் இருக்கின்றன. ஒரு கையை உள்நாட்டுப் போரில் இழந்த ஜோன் வெஸ்லி பவல் நான்கு படகுகளோடு இந்த வழியாகப் போனது 1869இல். நம் மலைகளின் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். லாபிரிந்த், ஸ்டில்வோட்டர் என்ற பெயர்கள் பவலின் குழு வைத்தவை.

கொலராடோவில் இன்னும் கீழே, 1963இல் நீர் தேக்கத் தொடங்கிய கிளென் கெனியன் அணையால் ஒரு முழுப் பள்ளத்தாக்கே மூழ்கியது. அந்த நீர்த்தேக்கத்துக்குப் பவலின் பெயரையே வைத்தார்கள். 2000த்துக்குப் பிறகு வந்த நீண்ட வரட்சியில் நீர் இறங்கி, மூழ்கிய பக்கப் பள்ளத்தாக்குகள் சில மீண்டும் வெளியே தெரிகின்றன. மச்சான் இதைச் சொன்ன இரவில் எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருப்பது எங்கள் பழைய மஸ்கெலியா. வரட்சிக் காலத்தில் பழைய கோயில் தலைகாட்டும்போது ஊரே இறங்கிப் போய்ப் பார்க்கும். தன் கடைவீதி எந்த இடத்தில் இருந்தது என்று ஆச்சி கரையிலிருந்து கை நீட்டிக் காட்டுவார். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், லயங்களுக்கு அது வந்து சேர எத்தனை காலமானது என்பதை அறிந்தவன் நான். ஆனாலும் மூழ்காத ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் நீர்மட்டத்திலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போவது, அணைக்கரையில் வளர்ந்த நமக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே உறைக்கும். அதற்காகவே போக வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் பழகுவது பற்றி: பல நாள் தொடர்ந்து போகக்கூடிய ஆறு மலையகத்தில் மிஞ்சவில்லை. காசல்ரீ, நோர்ட்டன், மவுசாகலை, கெனியன், லக்ஷபான என்று அணைகளால் படிப்படியாக மறித்து, நீரைச் சுரங்கங்களுக்குள் திருப்பியிருக்கிறோம். மேல் கொத்மலையின் சுரங்கம் மட்டும் சுமார் 13 கிலோமீற்றர். மகாவலியில் பொல்கொல்லை முதல் ரன்தம்பை வரை அதே கதை. ஆனால் அடிப்படைகளை இங்கேயே கற்கலாம். கித்துல்கலையில் நல்ல வழிகாட்டியோடு சில தடவை இறங்குங்கள். நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதப்பது, எறியும் கயிற்றைப் பிடிப்பது, கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறுவது ஆகியவற்றைக் கேட்டுப் பழகுங்கள். மேலேயுள்ள மின்நிலையங்கள் நீர் விடும் நேரத்தைப் பொறுத்து அங்கே ஆற்றின் வேகம் மாறும் என்பதால் தனியாக இறங்க வேண்டாம். தட்டையான நீரில் நீண்ட நேரம் வலித்துப் பழக, படகோட்ட அனுமதியுள்ள நீர்த்தேக்கப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். எங்கே போனாலும் உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்கட்டும். நம் நீர்த்தேக்கங்களிலும் அருவிகளிலும் மூழ்கி இறப்பவர்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இதில் என்னால் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

சாப்பாட்டுக்குக் குறை வராது. அரிசி, பருப்பு, டின் மீன், கோதுமை மா, கட்டச்சம்பலுக்கு இடித்த மிளகாய் போதும். எரிவாயு அடுப்பில் தோட்டத்து ரொட்டி சுட்டுக் கொடுத்தபோது பக்கத்துத் திட்டில் தங்கியிருந்த அமெரிக்கக் குடும்பமும் வந்து வரிசையில் நின்றது. தேயிலையை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, மதியத்துக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள். பிற்பகலில் பள்ளத்தாக்குக்குள் எதிர்க்காற்று கிளம்பினால் எவ்வளவு வலித்தாலும் படகு நகராது. ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் மலை ஏறிப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். கடைசியாக, திரும்பி வருவதற்கான ஜெட் படகைப் புறப்படும் முன்பே பதிவு செய்யுங்கள். சங்கமத்துக்குச் சற்றுக் கீழே ஸ்பானிஷ் பொட்டம் என்ற கரையிலிருந்து, உங்களையும் கனூவையும் ஏற்றிக்கொண்டு கொலராடோவை எதிர்த்து மோவாப் நகரம்வரை கொண்டுவிடுவார்கள். அந்தக் கரையைத் தாண்டியதும் கேட்டரக்ட் கெனியனின் பெரும் பாய்ச்சல்கள் தொடங்குகின்றன; கனூவில் அதற்குள் போகக் கூடாது. சங்கமத்தைக் கடந்தவுடன் வலக்கரையை ஒட்டியே வாருங்கள், ஸ்பானிஷ் பொட்டம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.