தாலியம் ஸ்கேன் நார்மல் என்றால் இதயத்தில் அடைப்பே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. இது ரத்தக்குழாயைப் படம் பிடிப்பதில்லை. இதயத் தசைக்குள் ரத்தம் எப்படிப் பரவுகிறது என்று காட்டுகிறது. பெயர்தான் தாலியம், இன்று பெரும்பாலும் ஏற்றுவது 6 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம். ஓய்வில் ஒரு படம்; டிரெட்மில்லிலோ, இதய ரத்தக்குழாய்களை விரிக்கும் அடினோசின் ஊசியிலோ இன்னொன்று. இரண்டாவதில் மட்டும் ஓரிடம் மங்கினால் ரத்தக்குறைவு. இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு.

சிக்கல் எங்கே? மூன்று முக்கியக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு அடைப்பிருந்தால், ஓட்டம் எங்கும் சமமாகக் குறையும். ஒப்பிட நல்ல பகுதியே இருக்காது, படம் நார்மல் போலத் தெரியும். காபியும் கெடுக்கும்: காஃபின் அடினோசினை வேலை செய்யவிடாது. அதனால் 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்பே காபி, டீ, சாக்லேட்டை நிறுத்தச் சொல்வார்கள்.

முறையாக எடுத்த படம் நார்மலாக வந்தால், மாரடைப்போ இதய மரணமோ நேரும் வாய்ப்பு பொதுவாக ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் கீழே. சர்க்கரை நோயாளிகளுக்குச் சற்றுக் கூடுதல்.