ஒளி வந்தும் இணைப்பு வரவில்லையா?

செம்புக் கம்பிக்கென எழுதிய லினக்ஸ் ஈதர்நெட் டிரைவரில் ஃபைபரையும் சேர்க்க முயல்பவர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: செம்பு எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் சிறு மாட்யூல்) மாட்டினால் வேலை செய்கிறது, ஃபைபர் எஸ்எஃப்பியில் இணைப்பே வரவில்லை. இரண்டும் ஒரு கிகாபிட்தானே?

பதில்: வேகம் ஒன்றுதான், பேச்சு வேறு. செம்பு எஸ்எஃப்பிக்குள், கம்பியில் குறிகளை அனுப்பிப் பெறும் ஃபை சில்லு ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் எஸ்ஜிஎம்ஐஐ என்ற இடைமுக முறையில் உங்கள் கருவியுடன் பேசி, 10, 100, 1000 ஆகியவற்றில் எந்த வேகம் கிடைத்தது என்று சொல்லிவிடும். ஃபைபர் எஸ்எஃப்பியில் அப்படி இடையாள் கிடையாது; எதிர்முனை அனுப்பும் 1000பேஸ்-எக்ஸ் (ஃபைபருக்கான கிகாபிட் ஈதர்நெட் முறை) குறிகள் நேராக உங்கள் பிசிஎஸ்ஸுக்கு (குறிகளைத் தரவாக மாற்றும் பகுதிக்கு) வந்து சேர்கின்றன. இரண்டிலும் வினாடிக்கு 125 கோடி குறிகள் என்பதால் அலைக்காட்டியில் வேற்றுமை தெரியாது. இணைப்பின் நிலையைச் சொல்ல அனுப்பப்படும் 16 பிட் அறிவிப்புச் சொல்லின் பொருள்தான் மாறுகிறது.

எது மாட்டப்பட்டிருக்கிறது என்பதை மாட்யூலே தன் ஈஈபிராம் என்ற நினைவகச் சில்லில் சொல்கிறது. கிகாபிட் வகைகள் 6ஆம் பைட்டில் இருக்கும். அதைப் படித்து முறையை மாற்றும் வேலையை நீங்கள் புதிதாக எழுதாதீர்கள். 2017இல் லினக்ஸ் 4.14உடன் வந்த ஃபைலிங்க் என்ற கர்னல் பகுதி அதற்காகவே இருக்கிறது. ஃபை சில்லுகளைக் கையாளும் பழைய ஃபைலிப் நூலகத்தை மட்டும் நம்பிய டிரைவரை முதலில் அதற்கு மாற்றுங்கள். உழைப்பு அதிகம்தான்; ஆனால் அதைத் தவிர்த்தால் மாட்யூலுக்கு மாட்யூல் விதிவிலக்கு எழுதியே காலம் போய்விடும்.

கேள்வி: மாட்யூலின் எல்ஓஎஸ் (ஒளி இழப்பைச் சொல்லும்) முள் "ஒளி இருக்கிறது" என்றால் இணைப்பு வந்ததாக அறிவிக்கலாமா?

பதில்: கூடாது. ஒளி வருகிறது என்பதற்கு மேல் அந்த முள்ளுக்கு ஒன்றும் தெரியாது. பிசிஎஸ் குறிகளை இனம்கண்டு ஒத்திசைந்த பிறகே இணைப்பு. சில மாட்யூல்களில் அந்த முள் தலைகீழாக இயங்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. ஈஈபிராமின் 65ஆம் பைட்டைப் பாருங்கள்.

கேள்வி: எதிர்முனை ஸ்விட்சில் இணைப்பு விளக்கு எரிகிறது, எங்கள் பக்கம் இல்லை.

பதில்: ஒரு முனையில் தானியங்கிப் பேச்சுவார்த்தை (முனைகள் தமக்குள் பேசி இணைப்பு முறையை முடிவுசெய்வது) இருந்து மறுமுனையில் அணைந்திருந்தால் இப்படித்தான் ஆகும். அணைத்த முனை குறிகள் வந்ததுமே இணைந்துவிடும். மற்றது பதிலுக்காகக் காத்தே கிடக்கும். இரு முனைகளையும் ஒன்றாக வையுங்கள். ஃபைபரில் 100 மெகாபிட் தரும் 100பேஸ்-எஃப்எக்ஸில் இந்தப் பேச்சுவார்த்தையே இல்லை.

கேள்வி: மார்வெல் 88இ1510 ஃபையில் ஃபைபர் நிலையைப் படிக்கத் தொடங்கியதும் செம்பு இணைப்பு கெட்டுவிட்டது.

பதில்: இதே இடத்தில் நானும் இரண்டு நாட்களை இழந்திருக்கிறேன். இந்தச் சில்லின் பதிவேடுகள் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டவை: செம்பு 0ஆம் பக்கம், ஃபைபர் 1ஆம் பக்கம்; பக்கத்தை மாற்றுவது 22ஆம் பதிவேடு. 1ஆம் பக்கத்தைப் படித்த என் நிரல், 0க்குத் திரும்பாமல் ஒரு பிழைப் பாதையில் வெளியேறிவிட்டது. அதன் பிறகு செம்பு நிலை என்று நான் படித்ததெல்லாம் ஃபைபரின் நிலை. கேபிள் மாட்டியிருந்தும் "இணைப்பு இல்லை" என்றே வந்துகொண்டிருந்தது. பக்கத்தை மாற்றவும் மீட்கவும் ஃபைலிப் தரும் செயற்கூறுகளை மட்டும் பயன்படுத்துங்கள். இடையில் வேறு நிரல் குறுக்கிடாமல் காக்கும் பூட்டையும் அவையே பார்த்துக்கொள்கின்றன.

கேள்வி: ஒளி வருகிறதா என்று ஃபைபர் முனையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமா?

பதில்: ஒருபோதும் பார்க்காதீர்கள். 850, 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குப் புலப்படாது, ஆனால் கண்ணுக்குள் போகும். மாட்யூலில் தன் நிலையை அளந்து சொல்லும் கண்டறிதல் வசதி இருந்தால், வந்து சேரும் ஒளியின் திறனை இத்டூல் கட்டளை டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) அளவில் காட்டும்.