அப்பாவைப் பற்றி எழுதினேன், சான்றிதழ் அனுப்பினார்கள்

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 47. போடியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. வீட்டுக்காரர் ஏலக்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். பள்ளிக்கூட நாட்களில் நோட்டு நோட்டாகக் கவிதை எழுதுவேன். கல்யாணத்துக்கு அப்புறம் அது விட்டுப்போனது. கொரோனா சமயத்தில் ஒரு தோழி என்னை வாட்ஸ்அப் கவிதைக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள்.

தினமும் காலையில் அட்மின் ஐயா ஒரு தலைப்பு போடுவார். 'ஜன்னல்', 'பழைய செருப்பு', 'தாய்மை' என்று ஏதாவது ஒன்று. ராத்திரி பத்து மணிக்குள் எழுதிப் போட வேண்டும். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, வீட்டுக்கு வந்து டைப் அடித்துப் போடுவேன். அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் 'கவிஞரே' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை என்னை அப்படிக் கூப்பிட்டபோது கூச்சமாகவும் இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது. வீட்டில் நான் அம்மா, கடையில் நான் 'பில் போடுற அக்கா'. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

குழுவில் ஒரு விதி உண்டு. நம் கவிதையைப் போட்டால் மற்றவர்களில் ஐந்து பேர் கவிதைக்காவது கருத்து சொல்ல வேண்டும். அது மொய் மாதிரி ஆகிவிட்டது மேடம். எனக்கு 'அருமை' போட்டவருக்கு நான் திருப்பி 'அருமை' போடவில்லை என்றால், மறுநாள் என் கவிதையைப் பார்க்காத மாதிரி போய்விடுவார். அதனால் படித்தும் படிக்காமலும் எல்லோருக்கும் கைதட்டல் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். "பால் பொங்கி வழியுது, நீ அருமை போட்டுக்கிட்டு இரு" என்று வீட்டுக்காரர் திட்டுவார். நான் போட்ட கவிதையை யார் யார் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் வரிசையை நடுராத்திரியில் எழுந்து பார்த்ததும் உண்டு.

சித்திரைக் கடைசியில் என் அப்பா இறந்துபோனார். ஹார்ட் அட்டாக். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நான் கடைக்குப் போய்விட்டேன். அந்த வாரத்தில் ஒருநாள் குழுவில் கொடுத்த தலைப்பு 'மருந்து'. நான் எழுதியது இது:

அப்பாவின் பிரஷர் மாத்திரை
அட்டையில் ஒன்பது மிச்சம்.
கடையில் திருப்பி எடுப்பாங்களா
என்கிறாள் அம்மா.
பிரித்த அட்டையை எடுக்க மாட்டோம் என்கிறேன்,
பழக்கத்தில்.
காலனே, உனக்கு இரக்கமே இல்லையா!

போட்ட உடனே வரிசையாக வந்தது. 'அருமை கவிஞரே', 'செம', 'வாழ்த்துகள் அக்கா', பூங்கொத்து, கைதட்டல். ராத்திரியே அட்மின் ஐயா என் போட்டோவைச் சுற்றி ரோஜாப்பூ பார்டர் வைத்து 'இன்றைய சிறந்த கவிதை' என்று சான்றிதழ் அனுப்பினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. என் அப்பா செத்ததற்கு வாழ்த்துகளா?

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. பெங்களூரில் ஐடியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, குழுவுக்குப் புதிது, இப்படி எழுதியிருந்தான்: "அக்கா, கடைசி வரி வேண்டாம். 'பழக்கத்தில்' என்பதோடு கவிதை முடிந்துவிட்டது." அந்த ஒரு வரியில்தான் மேடம் நான் அழுதிருக்கிறேன். அதை எடுக்கச் சொல்கிறான். அன்றைக்கே யாரிடமும் சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிட்டேன்.

இப்போது நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுத வரவில்லை. ஆனால் தோழியின் போனை வாங்கி அந்தக் குழுவை மட்டும் பார்க்கிறேன். அந்தத் தம்பி "நான் தப்பாச் சொல்லிட்டேனா அக்கா" என்று தனியாக அனுப்பியிருக்கிறான். திறக்கவே இல்லை. அட்மின் ஐயா போன் பண்ணி, தொகுப்பு நூலில் இந்தக் கவிதையைச் சேர்க்கப் போவதாகவும், பக்கத்துக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். திரும்பிப் போகலாமா? பணம் கட்டலாமா? இந்தக் கவிதை ஆசையே எனக்கு வேண்டாத வேலையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, போடி

*

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாம் முறை படித்தபோதுதான் உங்கள் கடிதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. அப்பா இறந்ததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். குழுவில் சொன்னதாக ஓர் இடத்திலும் இல்லை. அங்கே நீங்கள் போட்டது 'மருந்து' என்ற தலைப்புக்கு ஒரு கவிதை. அன்றைக்கு மருந்தைப் பற்றி வந்த மற்ற கவிதைகளிலும் யாராவது செத்துப்போயிருப்பார்கள். 'தாய்மை' என்று தலைப்பு கொடுத்தால், அம்மா கையால் தோசை தின்றுகொண்டே அவரைச் சிதையேற்றி எழுதுகிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் ஒன்பது மாத்திரை மட்டும் நிஜம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அந்தப் பூங்கொத்தை அனுப்பிய கைகளில் பாதியாவது உங்களுக்குப் போன் செய்திருக்கும்.

உங்களுக்கு வலித்தது நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. பதினாறு முடிந்ததும் துக்கம் கேட்க வருகிறவர்கள் நின்றுபோகிறார்கள். உங்களுக்கு அதோடு வேலையும் தொடங்கிவிட்டது. அதுவும் எங்கே? அப்பா மாத்திரை வாங்கிய அதே தொழிலில், நாள் முழுக்க அதே பிரஷர் மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்து பில் போட்டுக்கொண்டு. அம்மாவிடம் அழ முடியாது, அவரை நீங்கள் தாங்க வேண்டும். வீட்டுக்காரர் இந்த நாட்களில் எப்படி இருந்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆக, உங்கள் துக்கத்தைக் கொண்டுபோய் வைக்க உங்களுக்கு இருந்த இடம் அந்தக் குழு ஒன்றுதான். 'கவிஞரே' என்று கூப்பிட்டவர்கள் இருக்கும் இடம் அல்லவா. அங்கே இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்டுவிட்டீர்கள்: 'என்னைப் பாருங்கள்', 'என் கவிதையைப் பாருங்கள்'. அவர்கள் இரண்டாவதற்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை அன்று வார்த்தை வார்த்தையாகப் படித்தவன் அநேகமாக அவன் ஒருவன்தான். கவிதையாகப் பார்த்தால் அவன் சொன்னது சரி. மகளாக நிற்க வேண்டிய இடத்தில், வாய் தானாகக் கடைக்காரி பேச்சைப் பேசிவிடுகிறது. அந்த அதிர்ச்சிக்கு மேல் காலனைக் கூப்பிட்டு நியாயம் கேட்க வேண்டியதில்லை. அதற்காக நீங்கள் கோபப்பட்டது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். முதல் ஆறு வரி படிக்கிறவருக்காக எழுதியது. ஏழாவது வரி உங்களுக்காக எழுதியது. அதை எடு என்று ஒருவன் சொன்னபோது, வாயைப் பொத்திக்கொண்டு அழு என்று சொன்ன மாதிரி உங்கள் காதில் விழுந்திருக்கிறது. காரியம் முடிந்த ஈரம் காயாத வாரத்தில் வேறு எப்படி விழும்?

அந்த ஏழாவது வரிக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் உட்காரவைத்து, ஒரு பகுதியினரை மட்டும் தங்கள் வாழ்க்கையின் பெரிய வேதனையை எழுதச் சொன்னார்கள். எழுத்துப் பிழை, நடை எதையும் யோசிக்க வேண்டாம், யாரும் மார்க் போடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் டாக்டரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பிறகு வந்த ஆய்வுகள் பலன் சின்னதுதான், எல்லோருக்கும் பொருந்தாது என்றும் காட்டியிருக்கின்றன. அதனால் இதை மருந்தாக எழுதித் தரவில்லை. நீங்கள் எப்படியும் பழைய பில்லின் பின்னால் எழுதுகிறவர், அதைக் கொஞ்ச நாள் டைப் அடிக்காமல் இருங்கள், அவ்வளவுதான். காலனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அங்கே யாரும் வரி வெட்ட மாட்டார்கள், பூவும் அனுப்ப மாட்டார்கள்.

சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரோஜா பார்டரைக் கிண்டல் செய்வது சுலபம், பலரும் செய்கிறார்கள். எனக்கு மனம் வருவதில்லை. ரிட்டயர் ஆன தாசில்தாரும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட அம்மாவும் ஒரு நாளில் ஒருமுறையாவது தங்கள் பெயரை எழுத்தில் பார்க்கும் இடம் அது. அந்த ஐயா ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொருவர் போட்டோவாக வெட்டி ஒட்டுகிறாரே, அதில் ஒரு அன்பு இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். 1985-இல் தெரசா அமாபிலே என்ற ஆய்வாளர், எழுத்து ஆர்வமுள்ள 72 பேரை இரண்டு குட்டிக் கவிதை எழுதவைத்தார். ஒன்று பனியைப் பற்றி, இன்னொன்று சிரிப்பைப் பற்றி. நடுவில் ஒரு பகுதியினரிடம் மட்டும், பேர் வாங்குவது, பணம் சம்பாதிப்பது போன்ற காரணங்களைக் கொடுத்து, நீங்கள் எழுதுவது எதற்காக என்று வரிசைப்படுத்தச் சொன்னார். அவர்களுடைய இரண்டாவது கவிதை, மற்றவர்களுடையதைவிடச் சோடையாக இருந்தது என்று நடுவர்களாக இருந்த கவிஞர்கள் மதிப்பெண் போட்டார்கள், யார் எந்தப் பகுதி என்று தெரியாமலே. சில நிமிடம் பேர் புகழை நினைத்ததற்கே அப்படி. நீங்கள் வருஷக்கணக்கில் நடுராத்திரி எழுந்து நீல டிக்கை எண்ணியிருக்கிறீர்கள். எழுத வராமல் போனதற்கு அப்பாவின் மரணம் ஒரு காரணம் என்றால், இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

திரும்பிப் போகலாமா என்றால், போகலாம். தோழியின் போனை வாங்கிப் பார்க்கிறீர்கள் என்றால் மனதளவில் நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். ஆனால் பழையபடி போக வேண்டாம். முதலில் அட்மின் ஐயாவுக்குப் போன் போட்டு, அது என் அப்பா, அதனால்தான் வெளியேறினேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அவர் பதறிப்போவார், பதறட்டும். குழுவை மியூட்டில் போடுங்கள். மொய்க் கணக்கையும் முடித்துவிடலாம்: ஐந்து பேருக்குக் கைதட்டுவதற்குப் பதில் ஒரே ஒருவர் கவிதையை நிஜமாகப் படித்து, உங்களைத் தொட்ட வரியை அப்படியே எடுத்துப் போட்டு, ஏன் தொட்டது என்று எழுதுங்கள். விதி மீறல்தான். ஐயா முணுமுணுப்பார். ஆனால் அப்படி ஒரு கருத்து வந்தவர் அதைப் பத்திரப்படுத்திவைப்பார், உங்கள் கவிதையையும் அதேபோல் படிப்பார். இப்படிப் படிக்கிற மூன்று நான்கு பேர் கிடைத்தால் போதும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கியதும் அப்படியொரு சின்ன வட்டத்தை நம்பித்தான்.

இன்னொரு விஷயம். எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைக் கவிதைக்கு மேலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். 'மனசு சரியில்லை, கருத்து வேண்டாம், சும்மா படியுங்கள்' என்று போடலாம். 'எங்கே இடிக்கிறது, சொல்லுங்கள்' என்றும் போடலாம். முதலில் அசட்டுத்தனமாகத் தோன்றும். பழகிவிடும்.

அந்தத் தம்பிக்குப் பதில் போடுங்கள். அவனுக்கும் இது நான்கு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கும். "தப்பில்லப்பா, இறந்தது என் அப்பா, அப்போது கேட்கும் நிலையில் இல்லை" என்றால் போதும். கடைசி வரியை எடுப்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம், அவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை.

நான்கு மாதம் என்பது துக்கத்துக்கு நீளமான காலம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே, குறைந்தது ஆறு மாதம் தாண்டியும் துக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போட்டால்தான் அதைக் கோளாறாகக் கணக்கில் எடுக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், கடிதம் எழுதுகிறீர்கள், அந்தத் தம்பிமேல் கோபப்படுகிறீர்கள். எனக்கு இதில் பயம் தெரியவில்லை. ஆனால் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில்தான், அங்கே மனநலப் பிரிவில் போய்ப் பார்க்கலாம்.

கவிதை ஆசை வேண்டாத வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆறு வரியை எழுதியவர் கேட்கிற கேள்வியா இது!

500 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். இந்தக் கவிதை எந்த வடிவில் நிற்க வேண்டும் என்று உங்களுக்கே இன்னும் முடிவாகவில்லை. அச்சில் வந்துவிட்டால் பிறகு உறுத்தும். கட்டுவதாக இருந்தால், கையில் எத்தனை பிரதி தருவார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, அடுத்த தொகுப்பு நிச்சயம் வரும், ஐயா விடமாட்டார்.